மீதி ஒரு ரூபாய்

கண்ட்ரோலுக்கு நோயில்லாத ரத்தம் வேண்டும் என்றார் மேடம்.
சர்க்கரை கூடாது, சிகரெட் கூடாது, நாற்பதுக்குள்.
எனக்குத் தெரிந்த ஆண்களில் மூன்றுக்கும் பொருந்துவது
கன்னியப்பன் ஒருத்தர்தான்.
இருபத்தொன்பது சி, காலை ஷிஃப்ட்,
பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்,
பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர்,
என் வீட்டுக்காரர்.

தரமணி லேபில் காக்கிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு
ஊசியைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்தார்.
"இதுல என்னத்த தேடுற?"
ஃப்ரீ ராடிக்கல் என்றால் கொட்டாவி விடுவார்.
அதனால் அவர் பாஷையில் சொன்னேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பஸ் ஓடுகிறது.
பின்படியில் தொங்குகிறவன் நீட்டும் காசு
"ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்று
கை மாறிக் கை மாறி முன்னால் போகுமே,
எலக்ட்ரான் அப்படித்தான் போகிறது.
கடைசியில் வாங்கிக்கொள்வது நாம் இழுத்த மூச்சு.
நெரிசலில் எப்போதாவது ஒரு நாணயம் தவறும்.
விழுந்த இடத்தில் கணக்கு ஒற்றைப்படையாகிவிடும்.

ஒற்றைப்படைக்குப் பொறுமை கிடையாது.
பக்கத்தில் நிற்பவன் பையில் கை விடும்.
பறிகொடுத்தவனுக்கு இப்போது ஒரு ரூபாய் குறைவு,
அவன் அடுத்தவனிடம்,
அடுத்தவன் அதற்கடுத்தவனிடம்.
முன்படியில் தொடங்கிய சண்டை
ஜெமினி மேம்பாலம் இறங்குவதற்குள்
கடைசி சீட்டுக்கு வந்துவிடும்.

"அதான் தினமும் பாக்குறேனே" என்றார்.

செல்லின் சுவர் கொழுப்பு.
பறிக்கப் பறிக்க, மூடாமல் வைத்த எண்ணெய் மாதிரி
சிக்கு வாடை பிடிக்கும்.
உள்ளே டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து தேயும்.
போர்டில் 'அ' உதிர்ந்து 'டையாறு' என்று ஓடும் பஸ்.
முக்கால்வாசிப் பேர் புரிந்துகொண்டு ஏறிவிடுவார்கள்.
ராத்திரி டெப்போவில் யாராவது பெயின்ட் அடித்தும் விடுவார்கள்.
என்றாவது ஒரு நாள்தான்
ஒருத்தர் வேறு எங்கோ போய் இறங்குவார்,
அங்கேயே குடியிருப்பு கட்டிப் பெருகுவார்.

சாயம் ஊற்றினேன். முப்பத்தேழு டிகிரி, அரைமணி.
விளக்கை அணைத்துவிட்டுக் கண் வைத்தேன்.
பறிப்பு நடக்கிற இடம் பச்சையாய் எரியும்.
நோயாளிகள் பச்சை, கண்ட்ரோல் இருட்டு,
வரைபடம் எப்போதும் அப்படித்தான் வரும்.

கன்னியப்பன் பச்சை.

சென்னையின் எல்லா சிக்னலும்
ஒரே நொடியில் விழுந்ததுபோல் பச்சை.
பதினான்கு வருடத்து இன்ஜின் சூடு,
முன்னால் போகும் லாரியின் கரி,
மூன்றரை மணி அலாரம்.
நஸ்ரீன் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து
"யாருடி இந்தப் பேஷன்ட்?" என்றாள்.
கண்ட்ரோல் என்றேன்.

சாயம் பழசோ என்று புதுப் பாட்டில் பிரித்தேன்.
மூன்று தடவையும் அழகாக இருந்தது.
ரிப்போர்ட்டில் அதை எழுதக் கட்டம் இல்லை.
ஒரு நாள் ரத்தம் ஒரு ஆளின் ஜாதகம் அல்ல, தெரியும்.
கிருமியைக் கொல்ல வெள்ளணு ஏந்துவதும்
இதே நெருப்புதான், அதுவும் தெரியும்.
மேடம் புள்ளியைப் பார்த்தார்.
"தனியா நிக்குது, எடுத்துடு."
எடுத்துவிட்டேன். வரைபடம் ஒழுங்கானது.

ராத்திரி கொய்யாவை நறுக்கிக்கொண்டிருந்தேன்.
"என் ரத்தம் என்னாச்சு?"
நல்லா மின்னுது என்றேன். சிரித்தார்.
மிளகாய்ப்பொடி வேண்டாம் என்றார், வயிறு எரிகிறதாம்.

இன்றைக்குப் பையில் சில்லறையே இல்லையாம்.
மீதி வாங்க வேண்டிய இரண்டு பேரைக் கூப்பிட்டு
ஒரு பத்து ரூபாயைக் கையில் வைத்து
பிரிச்சுக்கோங்க என்று சேர்த்துவிட்டாராம்.
முன்பின் தெரியாதவர்கள்,
அடையாறில் இறங்கி அதற்கு டீ குடித்தார்களாம்.

"ஜோடி கிடைக்கலன்னா?"

"என் பாக்கெட்லேர்ந்து போட்டுடுவேன்.
ஒரு ரூபாய்க்கு எதுக்குச் சண்டை."

ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளினேன்.
இன்னொன்றையும்.
ஒரு நாளைக்கு எவ்வளவு போகுது
உங்க கையிலேர்ந்து?

மென்றுகொண்டே அலாரம் வைத்தார்.
"கணக்கு வச்சதில்ல."